பேராசிரியர் நிதி அமைச்சரான கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், பொருளியல் அறிஞராக இருந்து நிதி அமைச்சரான மன்மோகன் சிங் குறித்து ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு எதிர்பார்த்ததைவிட அதிகமான வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: மன்மோகன் சிங் பல்கலைக்கழகப் பணியிலிருந்து நேராக நிதி அமைச்சர் ஆனார் என்று கேள்விப்பட்டேன். வகுப்பறையில் இருந்த ஒருவரால் ஒரு நாட்டின் நிதியை எப்படிக் கையாள முடிந்தது?

‘நேராக’ என்ற அந்த ஒரு சொல்தான் பிழை. 1991 ஜூன் 21 அன்று அமைச்சராகப் பதவியேற்றபோது அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். இந்த எண்ணம் பரவியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த நாற்காலியில் அவர் இருந்தது ஏறத்தாழ மூன்று மாதங்கள் மட்டுமே.

அவர் 1932 செப்டம்பர் 26 அன்று, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் காஹ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, தந்தைவழிப் பாட்டியிடம் வளர்ந்தார். மின்சாரம் இல்லாத அந்த ஊரில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பையன், பிரிவினையில் ஊரை இழந்த குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்து, அமிர்தசரஸில் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார். 1957இல் கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறி, 1962இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் டெல்லி பொருளியல் பள்ளியிலும் பாடம் நடத்தினார். இடையில் மூன்று ஆண்டுகள் ஐக்கிய நாடுகள் சபையின் வணிகம் மற்றும் வளர்ச்சி மாநாட்டு அமைப்பில் பணியாற்றினார். அவர் வகுப்பறையில் இருந்த காலம் இவ்வளவுதான்.

1971இல் வெளிநாட்டு வர்த்தக அமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகராக அரசுக்குள் வந்தார். 1972இல் நிதி அமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகர், 1976இல் பொருளாதார விவகாரத் துறைச் செயலாளர், 1980இல் திட்டக் குழுவின் உறுப்பினர் செயலர், 1982 செப்டம்பர் முதல் 1985 ஜனவரி வரை ரிசர்வ் வங்கி ஆளுநர், பிறகு திட்டக் குழுவின் துணைத் தலைவர், 1987 முதல் 1990 வரை ஜெனீவாவில் வளரும் நாடுகளுக்கான தெற்கு ஆணையத்தின் பொதுச் செயலாளர், திரும்பி வந்ததும் பிரதமரின் பொருளாதார ஆலோசகர் என்று பதவிகள் தொடர்ந்தன. ஒரு நிதி அமைச்சர் எந்தெந்த அலுவலகங்களிலிருந்து குறிப்பும் ஒப்புதலும் கேட்டுப் பெற வேண்டுமோ, அந்த அலுவலகங்களில் பெரும்பாலானவற்றின் தலைமை மேசையில் அவர் ஏற்கெனவே அமர்ந்து எழுந்தவர். ஒரு கோப்பு எந்த மேசையில் நிற்கும், ஏன் நிற்கும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. அதை அவர் இருபது ஆண்டுகள் உள்ளே இருந்து கற்றார். 1991இல் பயன்பட்டது ஆக்ஸ்ஃபோர்டு பட்டமா, இந்த இருபது ஆண்டுகளா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே முதலில் சொல்வேன்.

ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்: அவருடைய முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது? அதற்கும் பின்னாளில் அவர் செய்தவற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1951 முதல் 1960 வரையிலான இந்திய ஏற்றுமதியை அவர் ஆராய்ந்தார். ஏழை நாடுகள் விற்கும் பொருள்களுக்கு உலகச் சந்தையில் தேவை பெருகாது, ஆகவே ஏற்றுமதியை நம்பிப் பயனில்லை, இறக்குமதி செய்வதை உள்நாட்டிலேயே தயாரித்துக்கொள்வதுதான் வழி என்பது அன்றைய அறிஞர் உலகில் பலமாக வேரூன்றியிருந்த கருத்து. நம் ஐந்தாண்டுத் திட்டங்களும் பெரும்பாலும் அதன் மீதுதான் எழுப்பப்பட்டன. இளம் ஆய்வாளரான அவர், இந்தியாவின் ஏற்றுமதி தேங்கியதற்கு உலகச் சந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது, நம்முடைய கொள்கைகளே பெருமளவு காரணம் என்று புள்ளிவிவரங்களோடு எழுதினார். அந்த ஆய்வு 1964இல் நூலாகவும் வந்தது. அதற்கு 27 ஆண்டுகளுக்குப் பிறகு, ரூபாயின் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதிக்கு வழி திறக்கும் உத்தரவுக்கு அவரே பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்: தொழில் தொடங்க அரசின் உரிமம் தேவைப்பட்ட உரிம முறை உச்சத்தில் இருந்த காலத்தில் அதே அரசில் உயர் பதவிகளை வகித்தவர் அவர். 1991இல் அதைக் கலைத்ததற்குப் பாராட்டும்போது, அதை அத்தனை ஆண்டுகள் நடத்தியதற்கும் பொறுப்புச் சொல்ல வேண்டாமா?

நியாயமான கேள்வி, இதை எழுப்பியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆலோசகரின் வேலை எழுத்தில் கருத்துச் சொல்வது, முடிவெடுப்பது அமைச்சரவை. முடிவு தன் கருத்துக்கு மாறாக இருந்தால் அதை நிறைவேற்றுவதா, வெளியேறுவதா என்பதை அந்தந்த மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். மன்மோகன் சிங் உள்ளேயே இருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். நேரு காலத்து நிதி அமைச்சர் ஜான் மத்தாய் வேறு வழியை எடுத்தார் (அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது).

ஆனால் அந்த ஆண்டுகளை வெறும் உடன்பாட்டின் ஆண்டுகளாக மட்டும் பார்க்கவும் முடியாது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974இல் விலைவாசி ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது அவர் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தார். கூடுதல் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்து வைப்பது, நிறுவனங்கள் வழங்கும் ஈவுத்தொகைக்கு வரம்பு விதிப்பது போன்ற கசப்பான நடவடிக்கைகள் அப்போது அவசரச் சட்டங்களாக வந்தன. 1975–76இல் மொத்த விலைக் குறியீடு ஏறாமல் சற்று இறங்கியே போனது. மக்கள் விரும்பாத மருந்தை அரசு கொடுக்க முடியும் என்பதை அவர் முதன்முதலாக நேரில் பார்த்த இடம் அது என்று நான் கருதுகிறேன். ஆயினும் உங்கள் கேள்வியின் கூர்மை இதனால் மழுங்கிவிடாது. தான் 1962இல் எழுதியதற்கும், 1970களில் தான் பணியாற்றிய அமைப்புக்கும் இடையிலிருந்த இடைவெளியோடு அவர் நெடுங்காலம் வாழ்ந்தார் என்பதே உண்மை.

இல்லத்தரசி, மதுரை: தேர்தலில் நிற்காத ஒருவர் அமைச்சரானது எப்படி? அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?

நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவரும் அமைச்சராகலாம். ஆனால் ஆறு மாதங்களுக்குள் இரு அவைகளில் ஒன்றில் உறுப்பினராகிவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு. அதன்படி அவர் 1991 அக்டோபரில் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய சட்டப்படி, மாநிலங்களவை உறுப்பினராகிறவர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பதால், குவஹாத்தியில் அவர் காட்டிய முகவரி குறித்துப் பல ஆண்டுகள் சர்ச்சை நீடித்தது. மக்களவைக்கு அவர் ஒரே ஒரு முறை, 1999இல் தெற்கு டெல்லியில் போட்டியிட்டுத் தோற்றார்.

தேர்ந்தெடுத்தவர் பி.வி. நரசிம்ம ராவ். ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு, பெரும்பான்மை இல்லாத ஓர் அரசின் தலைவரானவர் அவர். அவர் முதலில் அணுகியது மன்மோகன் சிங்கை அல்ல; ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநரான ஐ.ஜி. படேலை. படேல் மறுத்துவிட்ட பிறகே, மூத்த அரசு அதிகாரியாக இருந்த பி.சி. அலெக்சாண்டர் மூலம் மன்மோகன் சிங்குக்குச் செய்தி போனது. அவர் அதை அவ்வளவாக நம்பாமல் மறுநாள் வழக்கம்போல் மானியக் குழு அலுவலகத்துக்குப் போய்விட்டார் என்றும், பிரதமரே அவரைத் தேடிப் பிடித்துப் பதவியேற்புக்கு உடனே புறப்பட்டு வரச் சொன்னார் என்றும் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

வணிகர், விருதுநகர்: நாட்டின் தங்கத்தை அடகு வைத்தவர் மன்மோகன் சிங்தான் என்று என் தந்தையார் சொல்வார். அது சரியா?

பாதி சரி. தங்கம் இரண்டு முறை வெளியே போனது. முதல் முறை 1991 மே மாதத்தில், சந்திரசேகர் தலைமையிலான காபந்து அரசின் காலத்தில். கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்து அரசு வைத்திருந்த தங்கத்தில் 20 டன், பாரத ஸ்டேட் வங்கி மூலமாக, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்கப்பட்டது. இரண்டாவது முறை ஜூலையில். அப்போது நிதி அமைச்சர் மன்மோகன் சிங். ரிசர்வ் வங்கியின் கையிருப்பிலிருந்து சுமார் 47 டன் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைக்கப்பட்டு, ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தக் கடன் அடைக்கப்பட்டுவிட்டது.

உங்கள் தந்தையாரின் மன வருத்தம் எனக்குப் புரிகிறது. வீட்டில் தாலிச் சங்கிலியை அடகுக் கடைக்கு எடுத்துப் போகும் நிலை வந்தால் ஒரு குடும்பம் எப்படிக் கூசிப்போகுமோ, அப்படித்தான் அன்று நாடு கூசியது. ஆனால் எதற்காக அடகு வைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்டில் குவைத் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வேலையிழந்து திரும்பினார்கள். வெளிநாடு வாழ் இந்தியர்கள் இங்கே போட்டிருந்த வைப்புத்தொகையைத் திரும்ப எடுத்தார்கள். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 2,500 கோடி ரூபாய் என்றும், அது இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமானது என்றும் பட்ஜெட் உரையிலேயே அவர் வெளிப்படையாகச் சொன்னார். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு தவணையைக்கூடத் தவறவிடாத நாடு என்ற பெயர் போய்விட்டால், அடுத்த கப்பல் எண்ணெய்க்குக் கடன் தருவதற்கு ஆளிருக்காது.

2009 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அப்போது பிரதமராக இருந்தவர் மன்மோகன் சிங். இதையும் உங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள்.

பொருளியல் ஆசிரியர், நாகர்கோவில்: 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை ஒரே முறையில் குறைக்காமல் இரண்டு தவணையாகக் குறைத்தது ஏன்?

எவ்வளவு குறைத்தால் சந்தை ஏற்கும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதே முதன்மையான காரணம். ஜூலை 1 அன்று சிறிதளவு குறைத்து, சந்தையின் போக்கைப் பார்த்து, ஜூலை 3 அன்று மேலும் குறைத்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு டாலருக்கு 21 ரூபாய் அளவில் இருந்தது 26 ரூபாய் அளவுக்கு வந்தது. இரகசியம் வெளியே கசிந்தால் ஒரே நாளில் கையிருப்பு வற்றிவிடும் என்பதால் மிகச் சிலருக்கு மட்டுமே செய்தி தெரியும். ரிசர்வ் வங்கியில் இதை நடத்தியவர் துணை ஆளுநர் சி. ரங்கராஜன். தத்தல், தாவல், பாய்ச்சல் (ஹாப், ஸ்கிப், ஜம்ப்) என்ற மும்முறைத் தாண்டல் விளையாட்டின் பெயரையே இதற்குக் குறிச்சொல்லாக வைத்திருந்தார்கள்.

முதல் குறைப்புக்கே நாடாளுமன்ற வட்டாரத்தில் எழுந்த எதிர்ப்பைப் பார்த்த பிரதமர் தயங்கி, இரண்டாவதை நிறுத்திவைக்கும்படி ஜூலை 3 காலையில் நிதி அமைச்சரிடம் சொன்னார். மன்மோகன் சிங் மும்பைக்குத் தொலைபேசியில் பேசியபோது, பாய்ச்சல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று ரங்கராஜன் பதில் சொன்னார். வகுப்பில் நீங்கள் இந்த நிகழ்ச்சியைச் சொன்னால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள். அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்து இந்திரா காந்தி பெற்ற கெட்ட பெயரைக் காங்கிரஸ்காரர் ஒருவரும் மறக்கவில்லை, எனவே ராவின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மதிப்புக் குறைப்பு தனியாக நின்றிருந்தால் பயன் குறைவாகவே இருந்திருக்கும். அடுத்த நாளே, வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரம் ஏற்றுமதியாளர்களுக்கான ரொக்க ஈட்டு மானியத்தை நிறுத்தி, அதற்குப் பதிலாக இறக்குமதி உரிமையை ஏற்றுமதியோடு பிணைக்கும் புதிய கொள்கையை அறிவித்தார். ரூபாய் மலிவானதால் ஏற்றுமதியாளருக்கு இயல்பாகவே கூடுதல் வருவாய் கிடைத்தது. ஆகவே மானியத்தை நிறுத்துவது எளிதாயிற்று, அரசின் செலவும் குறைந்தது. ஒரு கல்லை எறிந்து இரண்டு மாங்காய் விழச் செய்தார்கள்.

விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்: அந்த பட்ஜெட்டில்தான் உர விலையை ஏற்றினார்கள். ஏட்டுப் படிப்பு படித்தவர்களுக்கு எங்கள் வயலின் நிலைமை தெரியாது என்பது என் கருத்து. உங்கள் பதில் என்ன?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது இதுதான்; ஆகவே நீளமாகப் பதில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991 ஜூலை 24 அன்று வந்த பட்ஜெட்டில் உர விலை சராசரியாக 40 சதவீதம் ஏற்றப்பட்டது. அமைச்சர் தரப்பு நியாயம் இது: 1981 ஜூலை முதல் பத்து ஆண்டுகளாக உர விலை ஏறக்குறைய மாறவேயில்லை, தயாரிப்புச் செலவோ ஆண்டுதோறும் ஏறியது, இடைவெளியை அரசு மானியமாக நிரப்பியது, அந்த மானியத்துக்கான பணத்தையும் அரசு கடன் வாங்கித்தான் கொடுத்தது. 1970களின் நடுவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதமாக இருந்த நிதிப் பற்றாக்குறை 1990–91இல் 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மத்திய அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வாதத்தில் ஓட்டையில்லை.

ஆனால் வயலில் நிற்பவருக்குக் கணக்கு வேறு. நாற்று நட்டு மேலுரம் போட வேண்டிய பருவத்தில் விலை ஏறினால், நெல்லின் விலை ஏறும்வரை அவர் காத்திருக்க முடியாது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே கொதித்தெழுந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் நிதி அமைச்சர் இறங்கி வந்தார்: 40 சதவீத ஏற்றம் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, சிறு குறு விவசாயிகளுக்கு ஏற்றமே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு இனிமையான தீர்வு. ஆனால் ஒரே கடையில், ஒரே மூட்டையை, ஒருவருக்கு ஒரு விலைக்கும் அடுத்தவருக்கு வேறு விலைக்கும் விற்பது எப்படி நடைமுறையில் சாத்தியமாகும்? யார் சிறு விவசாயி என்று சான்று கொடுப்பது யார்? குத்தகைக்கு உழுபவர் எந்தக் கணக்கில் வருவார்? உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையான சேதம் அதற்கு அடுத்த ஆண்டில் நேர்ந்தது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவின் கட்டுப்பாடு மட்டும் நீடித்து, அதன் விலை சற்றுக் குறைக்கவும்பட்டது. மணிச்சத்து தரும் டிஏபி, சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் ஆகியவற்றின் விலைகள் துள்ளிக் குதித்தன. மலிவாகக் கிடைத்த யூரியாவை விவசாயிகள் கூடுதலாகப் போட்டார்கள்; மற்ற இரண்டையும் குறைத்தார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை நான்கு, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் இருப்பது நல்லது என்பது பொதுவான பரிந்துரை. நாடு முழுவதற்குமான அந்த விகிதம் 1991–92இல் 5.9, 2.4, 1 என்று இருந்தது. ஒரே ஆண்டில் அது 9.5, 3.2, 1 என்று சாய்ந்துவிட்டது. பயிர் கரும்பச்சையாக நிற்கும், மண் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெலியும்.

இதைப் பொருளியல் அறியாமையால் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று உரங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று எந்தப் பொருளியலாளரும் சொல்வார். யூரியாதான் அரசியலில் மிக எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதைத் தொடாமல் விட்டார்கள். தொட முடிந்த இரண்டை மட்டும் தொட்டார்கள். அரைகுறையாக நிறைவேற்றப்பட்ட சரியான யோசனை, சும்மா இருந்ததைவிடக் கெடுதல் செய்தது. ரூபாய் விஷயத்தில் அமைச்சரவை அளவில் முடிவெடுத்தால் போதும், மறுநாள் காலையில் அது நடைமுறைக்கு வந்துவிடும். உர விஷயத்தில் கோடிக்கணக்கான விவசாயிகளோடு பேசி, நெல், கோதுமைக் கொள்முதல் விலையோடு சேர்த்துப் படிப்படியாகச் செய்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில், ‘ஏட்டுப் படிப்பு போதாது’ என்ற அளவில் நீங்கள் சொல்வது சரிதான் என்பதே. யூரியா ஒன்றை மட்டும் மலிவாக வைத்திருக்கும் அந்த வழக்கத்தின் விலையை உங்கள் மாவட்டத்து மண் இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வாசகர், சேலம்: உரிமங்களை ஒழித்தவர் மன்மோகன் சிங்கா, நரசிம்ம ராவா?

தொழில் துறையைப் பிரதமர் தன்னிடமே வைத்திருந்தார். பட்ஜெட் வந்த அதே ஜூலை 24 அன்று, சில மணி நேரம் முன்னதாக, புதிய தொழிற்கொள்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்குத் தொழில் உரிமம் தேவையில்லை, முன்னுரிமைத் தொழில்கள் 34இல் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்குத் தானாகவே அனுமதி என்பவை அதில் வந்தவை. ஆகவே அந்தக் கையெழுத்து ராவின் துறையுடையது. வெற்றி பெற்றால் எல்லோரும் பெருமை கொள்வோம், தோற்றால் பழி உங்கள் தலையில் என்ற பொருளில் ராவ் தன்னிடம் சொன்னதை மன்மோகன் சிங் நினைவுகூர்ந்ததுண்டு. ஆனால் ஐந்து ஆண்டுகளில் ராவ் அந்தப் பழியை அவர் தலையில் போடவில்லை.

பட்டயக் கணக்கர், சென்னை: 1992 பங்குச் சந்தை ஊழலில் அவருடைய பொறுப்பு என்ன?

வங்கிகள் தங்களுக்குள் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் ஏற்பாட்டில், பத்திரத்துக்குப் பதிலாக வங்கி ரசீதுகள் கைமாறின. தரகர்கள் இடையில் நுழைந்து, அந்தப் பணத்தைப் பங்குச் சந்தைக்குத் திருப்பினார்கள். 1992 தொடக்கத்தில் சுமார் 2,000 புள்ளிகளில் இருந்த மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஏப்ரலில் 4,400ஐத் தாண்டியது. இந்த ஏற்றத்தைத் தன் சீர்திருத்தங்களுக்குக் கிடைத்த வரவேற்பாக அரசு எடுத்துக்கொண்டதுதான் பிழை. பங்குச் சந்தை ஒரு நாள் ஏறுவதற்கும் மறுநாள் இறங்குவதற்கும் நான் தூக்கத்தை இழக்கமாட்டேன் என்ற பொருளில் நிதி அமைச்சர் பேசியிருந்தார். பின்னர் விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு அதைச் சுட்டிக்காட்டிக் குறை கூறியது. அவர் விலக முன்வந்தார், பிரதமர் ஏற்கவில்லை.

தனிப்பட்ட முறையில் அவர் ஒரு பைசா பெற்றதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர் என்ற முறையில், வங்கிகளின் கருவூலப் பிரிவுகள் எவ்வளவு தளர்வாகக் கண்காணிக்கப்படுகின்றன என்பதை மற்றவர்களைவிட அவர் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்புக்குச் சட்டபூர்வ அதிகாரம் 1992இல்தான் வந்தது. சந்தையைத் திறந்தது முதலில், காவலரை நிறுத்தியது பிறகு என்ற வரிசையில் காரியம் நடந்துவிட்டது.

அரசு ஊழியர், திருச்சிராப்பள்ளி: பொருளாதாரம் படித்தவர்தான் நிதி அமைச்சராக வர வேண்டுமா?

வேண்டும் என்று நம் வரலாறு சொல்லவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் சட்டம் படித்தவர். டி.டி. கிருஷ்ணமாச்சாரி வணிகத்திலிருந்து வந்தவர். சி. சுப்பிரமணியமும் ஆர். வெங்கட்ராமனும் வழக்கறிஞர்கள். செட்டியாருக்குப் பின் வந்த ஜான் மத்தாய்தான் முறையாகப் பொருளியல் கற்று, சென்னையில் பேராசிரியராக இருந்து, அந்தப் பதவிக்கு வந்தவர். திட்டக் குழு அமைச்சரவைக்கு மேலான இன்னோர் அமைச்சரவை ஆகிவிடும் என்று அஞ்சி, 1950இல் அவர் விலகினார். அவருடைய அச்சம் முழுவதும் பொய்க்கவில்லை. ஆனால் விலகிய பிறகு அவரால் எதையும் மாற்றவும் முடியவில்லை. பிறகு வந்த சி.டி. தேஷ்முக் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர். அவரும் 1956இல் பம்பாய் நகரம் குறித்த கருத்து வேறுபாட்டால் பதவியைத் துறந்தார்.

மத்தாய்க்குக் கிடைக்காதது மன்மோகன் சிங்குக்குக் கிடைத்தது: தன் துறையைத் தன்னிடம் விட்டுவிட்டு, வெளியே வரும் அடிகளைத் தாங்கிக்கொண்ட ஒரு பிரதமர். அதன் பலன்களை எண்களில் பார்க்கலாம். சுங்க வரியின் உச்ச விகிதம் 1991இல் 150 சதவீதமாக வரம்பிடப்பட்டு, 1995இல் 50 சதவீதத்துக்கு வந்தது. வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வருமான வரி மூன்றே அடுக்குகளாகி, அதன் உச்ச விகிதம் 40 சதவீதமானது. 1994இல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்ற மூன்று சேவைகளுக்கு மட்டும் 5 சதவீதம் என்று தொடங்கிய சேவை வரி, பின்னாளில் சரக்கு மற்றும் சேவை வரியில் கரைந்தது. எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப்படுவது பலர் கவனிக்காத ஒன்று: அரசு நினைத்தபோதெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் தற்காலிகப் பத்திரத்தைக் கொடுத்துப் பணம் அச்சிட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் படிப்படியாக நிறுத்த 1994 செப்டம்பரில் செய்துகொண்ட உடன்பாடு. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள முன்வந்த நிதி அமைச்சர் அவர். ஆளுநர் நாற்காலியில் இருந்து அந்தப் பத்திரங்களை வாங்கிப் பழகியவர் என்பதால்தான் அது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பள்ளி மாணவன், பன்னிரண்டாம் வகுப்பு, கடலூர்: நானும் பொருளாதாரம் படித்து அரசில் பணியாற்ற விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தம்பி, இளங்கலையிலும் முதுகலையிலும் பொருளியலைப் படி. கணிதத்தையும் புள்ளியியலையும் விட்டுவிடாதே. முதுகலை முடித்தவர்களுக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை நடத்துகிறது; அமைச்சகங்களுக்குள் பொருளியலாளராக நுழைவதற்கு நேரான வழி அது. இன்னொரு வழி, ரங்கராஜன் போலப் பல ஆண்டுகள் கற்பித்தும் ஆய்வு செய்தும் பெயர் பெற்ற பிறகு அரசு அழைப்பது.

அதற்கு முன்பாக, 1991 ஜூலை 24 பட்ஜெட் உரையை ஒரு முறை முழுவதும் படித்துப் பார். மத்திய நிதி அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் பழைய உரைகள் எல்லாம் கிடைக்கின்றன. பற்றாக்குறை, வட்டி, வெளிக்கடன் என்று பக்கம் பக்கமாகக் கடன் கணக்குச் சொல்லும் உரை அது. அதன் நடுவே ஓரிடத்தில், வறண்ட சிற்றூர் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்ததையும், உதவித்தொகைகளால் மட்டுமே கல்லூரிக்குப் போக முடிந்ததையும், இந்த நாட்டுக்குப் பட்ட கடனை ஒருநாளும் தன்னால் முழுவதுமாக அடைக்க முடியாது என்பதையும் அமைச்சர் சில வரிகளில் சொல்கிறார். அந்த வரிகளைப் படித்துவிட்டு, அவற்றுக்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களையும் விடாமல் படி. புரியாத இடங்களைக் குறித்துவைத்து எங்களுக்கு எழுது. அடுத்த இதழில் பார்ப்போம்.